நம் கேட்டில் நிற்கும் பார்சலும் ரோலண்ட் ஹில்லும்

சாயங்காலம் ஆறு மணிக்கு நம் மெயின் கேட் அருகே ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். பார்சல் கொண்டுவரும் தம்பிகள் இரண்டு விதமாக வந்துபோவது தெரியும். முன்பே பணம் கட்டிய பார்சல் என்றால் செக்யூரிட்டி மேஜையில் வைத்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அரை நிமிடத்தில் வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். வாங்கும்போது பணம் தர வேண்டிய பார்சல் என்றால் கதையே வேறு. இன்டர்காமில் கூப்பிட வேண்டும். வீட்டில் ஆள் இருக்க வேண்டும். அவர் கையில் சில்லறை இருக்க வேண்டும், அல்லது கியூஆர் ஸ்கேன் ஆக வேண்டும். லிஃப்ட் வேறு ஆறாவது மாடியில் நின்றுகொண்டிருக்கும். அதற்குள் பின்னால் இரண்டு வண்டிகள் வந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிடும்.

இந்த வித்தியாசத்தை ஏறக்குறைய 190 ஆண்டுகளுக்கு முன்பே காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். பெயர் ரோலண்ட் ஹில். இங்கிலாந்துக்காரர். தபால்தலையைக் கொண்டுவந்தவர் என்று பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாகப் படித்திருப்பீர்கள். அந்த ஒரு வரியில் அவருடைய வேலையின் முக்கியமான பகுதி விட்டுப்போய்விடுகிறது என்பது என் எண்ணம். தபால்தலை ஒரு சின்ன உபகரணம்தான். ஒரு கடிதத்தில் செலவு எந்த இடத்தில் ஏறுகிறது என்று அவர் கண்டுபிடித்ததுதான் பெரிய விஷயம். வரும் பொதுக்குழுவில் பார்சல் அறை பற்றிப் பேசப்போகிறோம் என்பதால், இந்த இதழில் அவர் கதையைச் சொல்லலாம் என்று தோன்றியது.

ஹில் பிறந்தது 1795 டிசம்பர் 3 அன்று, கிடர்மின்ஸ்டர் என்ற ஊரில். அப்பா பள்ளிக்கூடம் நடத்தியவர். நல்ல மனிதர், ஆனால் பணக் கணக்கில் சுமார். சிறுவயதில் ரோலண்டுக்கு ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து உடம்பு தேறப் பல நாள் ஆயிற்று. அந்த நாட்களில் கணப்படுப்புக்கு முன்னால் விரித்த விரிப்பில் படுத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே போவானாம். லட்சக்கணக்கில் போன பிறகும் நிறுத்தமாட்டானாம். எண்கள் மீது இருந்த இந்தப் பித்து கடைசிவரை விடவில்லை. பன்னிரண்டு வயதிலேயே அப்பாவின் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். வாலிபப் பருவத்தில் பள்ளியின் கணக்குப் புத்தகத்தைத் தன் கையில் வாங்கி, அப்பாவின் கடன்களை ஒவ்வொன்றாக அடைத்தார்.

அந்த வீட்டில் தபால்காரர் கதவைத் தட்டினால் அம்மாவுக்கு வயிற்றைக் கலக்கும். கெட்ட செய்தி வந்திருக்குமோ என்ற பயம் இல்லை. கையில் காசு இல்லையே என்ற பயம். ஏனென்றால் அந்தக் காலத்தில் கடிதத்துக்கான கட்டணத்தைப் பெரும்பாலும் அனுப்புகிறவர் கட்டுவதில்லை, பெறுகிறவர்தான் கட்டுவார். அதாவது எல்லாத் தபாலுமே கிட்டத்தட்ட இன்றைய கேஷ் ஆன் டெலிவரி. ஒருமுறை தபால் கட்டணத்துக்குப் பணம் புரட்ட, வீட்டில் கிடந்த பழந்துணி மூட்டையை விற்றுவரச் சிறுவன் ரோலண்டைக் கடைத்தெருவுக்கு அனுப்பினார்கள்.

கட்டணமாவது ஒழுங்காக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. எத்தனை மைல் போகிறது என்று பார்ப்பார்கள். உள்ளே எத்தனை தாள் என்றும் பார்ப்பார்கள். ஒரு தாளுக்கு ஒரு கட்டணம், இரண்டு தாள் என்றால் இரு மடங்கு. உறை போட்டால் அதுவும் ஒரு தாள் கணக்கு. அதனால் யாரும் உறை பயன்படுத்தமாட்டார்கள். கடிதத்தையே மடித்து அரக்கு வைத்து ஒட்டி, பின்பக்கத்தில் விலாசம் எழுதுவார்கள். தபால் ஆபீசில் குமாஸ்தாக்கள் ஒவ்வொரு கடிதத்தையும் மெழுகுவத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உள்ளே இன்னொரு தாள் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்து, கட்டணத்தைக் கையால் மேலே எழுதுவார்கள். பிறகு அந்தத் தொகையை ஊர் ஊராகக் கணக்கு வைக்க வேண்டும். எந்த ஊர்த் தபால் அதிகாரி எவ்வளவு வசூலிக்க வேண்டும், எவ்வளவு வசூலித்தார், எந்தக் கடிதம் திரும்பிவந்தது என்று பேரேடு பேரேடாக ஓடும்.

லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு தாள் கடிதம் போனால் 1 ஷில்லிங் 1½ பென்னி. 12 பென்னி சேர்ந்தது ஒரு ஷில்லிங் என்பதால் மொத்தம் 13½ பென்னி. கூலி வேலை செய்பவர் ஒருவரின் ஒரு நாள் சம்பளத்தைக் கிட்டத்தட்ட விழுங்கிவிடும் தொகை. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு மட்டும் இலவசம். அவர்கள் கையெழுத்துப் போட்டால் போதும். செலவைத் தாங்கக்கூடியவர்களுக்கு இலவசமும் தாங்க முடியாதவர்களுக்குக் கட்டணமும் என்பது புதுசு இல்லை என்கிறீர்களா, சரிதான்.

ஜனங்களும் சும்மா இருக்கவில்லை. வண்டிக்காரர்களிடம் கடிதங்களைக் கொடுத்தனுப்பினார்கள். வியாபாரிகள் சரக்கு மூட்டைக்குள் கடிதக் கட்டை வைத்து அனுப்பினார்கள். முத்திரை வரி கட்டிய செய்தித்தாள் தபாலில் இலவசமாகப் போகும் என்பதால், பழைய செய்தித்தாளில் வேண்டிய எழுத்துகளுக்கு அடியில் ஊசியால் புள்ளி குத்திச் செய்தி அனுப்பியவர்களும் உண்டு. இன்னொரு கதையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஒரு கிராமத்துப் பெண் தனக்கு வந்த கடிதத்தைப் பணம் இல்லை என்று திருப்பிக் கொடுக்கிறாள். அந்தப் பக்கமாகப் போன ஒருவர் இரக்கப்பட்டுக் காசு கொடுத்து வாங்கித் தருகிறார். பிரித்தால் வெறும் தாள். அண்ணன் நலமாக இருக்கிறான் என்பதற்கு அந்த வெற்றுக் கடிதமே அடையாளம்; வாங்காமல் திருப்பி அனுப்புவதாக அவர்களுக்குள் ஏற்பாடு. நம் ஊரில் மிஸ்டு கால் கொடுத்தோமே, அதே வித்தைதான். இந்தக் கதையில் காசு கொடுத்தவர் ஹில் என்றே பல இடங்களில் எழுதுகிறார்கள். அவர் இல்லை, கவிஞர் கோலரிட்ஜ். ஹில் அதைத் தன் வாதத்துக்கு உதாரணமாக எடுத்துச் சொன்னார், அவ்வளவுதான்.

ஹில் தபால் துறைக்காரர் இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1830-களில் அவர் செய்த வேலைகள் பல. பள்ளி நடத்தினார். தெற்கு ஆஸ்திரேலியாவில் குடியேற்றம் அமைக்கும் ஆணையத்தில் செயலாளராக இருந்தார். 1835-ல், தொடர்ச்சியான காகிதச் சுருளில் அச்சடிக்கும் சுழல் அச்சு இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். நல்ல கண்டுபிடிப்பு, ஆனால் செய்தித்தாளின் ஒவ்வொரு தாளிலும் தனித்தனியாக வரி முத்திரை குத்தியாக வேண்டும் என்று விதி இருந்தது. இயந்திரத்தோடு சேர்த்து முத்திரையைக் குத்திக்கொள்ள அரசு சம்மதிக்கவில்லை. இயந்திரம் மூலையில் போயிற்று. ஒரு தொழில்நுட்பம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் வசூல் செய்யும் விதி அதைக் கட்டிப்போட முடியும் என்பதை அவர் சொந்த அனுபவத்தில் பார்த்திருந்தார்.

பிறகு தபால் பக்கம் திரும்பினார். ராபர்ட் வாலஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தபால் துறை பற்றிய அரசு அறிக்கைகளை ஒரு வண்டி நிறைய அனுப்பிவைத்தார். ஹில் உட்கார்ந்து படித்தார். முதலில் அவர் கண்ணில் பட்டது இது: 1815-லிருந்து 1835 வரை இருபது ஆண்டுகளில் நாட்டின் மக்கள்தொகை பெருகியிருக்கிறது, வியாபாரம் பெருகியிருக்கிறது, ஆனால் தபால் வருமானம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கட்டணம் அதிகமாக இருப்பதால் ஜனங்கள் தபாலை ஒதுக்குகிறார்கள்.

அடுத்ததாக அவர் போட்ட கணக்கை நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள், கால்குலேட்டர் இருந்தால் போதும். லண்டனிலிருந்து எடின்பரோவுக்குச் சுமார் 400 மைல். தபால் வண்டி ஒருமுறை போக ஆகும் செலவு சுமார் 5 பவுண்டு, அதாவது 1,200 பென்னி. வண்டி சுமக்கும் தபாலின் எடை, பைகளைக் கழித்துவிட்டால், சுமார் 6 ஹண்ட்ரட்வெயிட். நம் கணக்கில் 300 கிலோவுக்குச் சற்று மேல், அவுன்ஸில் 10,752. ஒரு கடிதம் சராசரியாகக் கால் அவுன்ஸ். அப்படியானால் அந்த எடைக்கு 43,000 கடிதங்கள். 1,200-ஐ 43,000-ஆல் வகுத்தால் ஒரு கடிதத்துக்கு ஒரு பென்னியில் 36-ல் ஒரு பங்கு.

வாங்குவது 13½ பென்னி. 400 மைல் சுமக்க ஆவது ஒரு பென்னியில் 36-ல் ஒரு பங்கு. ஏறக்குறைய ஐந்நூறு மடங்கு வித்தியாசம்! மீதிப் பணத்தில் பெரும்பகுதி அரசுக்கு வரியாகப் போனது என்பது உண்மை. ஆனால் தபால் துறை செய்யும் செலவை மட்டும் எடுத்துக்கொண்டாலும், தூரம் அதில் சின்னப் பங்குதான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது, கட்டணம் எழுதுவது, பேரேட்டில் ஏற்றுவது, கடைசியில் வீட்டு வாசலில் நின்று காசு வாங்கிச் சில்லறை கொடுப்பது என்று கடிதத்தின் இரண்டு முனைகளிலும்தான் செலவு. பக்கத்துத் தெருவுக்குப் போகும் கடிதத்துக்கும் எடின்பரோவுக்குப் போகும் கடிதத்துக்கும் இந்த முனைச் செலவு ஒன்றேதான்.

இதிலிருந்து அவர் எடுத்த முடிவு அந்தக் காலத்துக்குக் கிறுக்குத்தனமாகத் தெரிந்திருக்கும். தூரத்தைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். நாடு முழுவதும் ஒரே கட்டணம். அரை அவுன்ஸ் வரை ஒரு பென்னி. தாளை எண்ணாதீர்கள், எடையைப் பாருங்கள். பணத்தை அனுப்புகிறவரிடமே முன்கூட்டி வாங்கிவிடுங்கள். அப்போது தபால்காரர் வாசலில் நிற்கவே வேண்டாம். ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒரு துவாரம் இருந்தால் கடிதத்தைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம்.

இதையெல்லாம் ஒரு சிறு நூலாக எழுதி 1837 ஜனவரியில் நிதியமைச்சரிடம் கொடுத்தார். அசைவு இல்லாததால் அடுத்த மாதம் பொதுவில் வெளியிட்டார். பணம் கட்டியதற்கு அடையாளமாக முத்திரையிட்ட உறையை விற்கலாம் என்பதுதான் அவருடைய முதல் எண்ணம். உறை கொண்டுவராதவருக்கு என்ன செய்வது என்று கேள்வி வரும் அல்லவா? அதற்காக, முத்திரை பதியும் அளவுக்கு ஒரு சின்னக் காகிதத் துண்டு, பின்பக்கம் கோந்து தடவியது, நனைத்து ஒட்டிக்கொள்ளலாம் என்று சொன்னார். உலகம் முழுவதும் பின்னால் சேகரிப்பாளர்கள் ஆல்பம் ஆல்பமாக ஒட்டிவைத்த தபால்தலை இப்படி ஒரு மாற்று ஏற்பாடாகத்தான் அவர் யோசனையில் நுழைந்தது. டண்டீ நகரத்து ஜேம்ஸ் சால்மர்ஸ் என்பவர்தான் முதலில் யோசித்தார் என்று அவருடைய மகன் பின்னால் வாதாடினார். அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம்.

தபால் துறைத் தலைவராக இருந்த லிச்ஃபீல்ட் பிரபு இந்தத் திட்டத்தைப் பகல்கனவு என்று பிரபுக்கள் சபையிலேயே கேலி செய்தார். கடிதங்கள் அவ்வளவு பெருகினால் தபால் கட்டடத்தின் சுவரே தாங்காது என்றார். கேலி செய்ததில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. துறையின் செலவு அவருக்குத்தான் பதில் சொல்ல வேண்டியது. ஆனால் வியாபாரிகள் ஹில் பக்கம் நின்றார்கள். லண்டன் வணிகர்கள் ஒரு குழு அமைத்தார்கள், அதன் பிரசாரப் பத்திரிகையை ஹென்றி கோல் என்ற கெட்டிக்காரர் நடத்தினார். மனுக்கள் குவிந்தன. 1839 ஆகஸ்ட் 17-ல் சட்டம் நிறைவேறியது. எப்படி நடைமுறைப்படுத்தலாம் என்று பொதுமக்களிடமே யோசனை கேட்டு அரசு ஒரு போட்டி அறிவித்தது. 2,600-க்கும் மேற்பட்ட யோசனைகள் வந்தன.

1840 ஜனவரி 10 அன்று ஒரு பென்னிக் கட்டணம் நாடு முழுவதும் அமலுக்கு வந்தது. தபால்தலை இன்னும் தயாராகவில்லை. ஜனங்கள் கவுன்டரில் பணம் கட்டியாக வேண்டும். அன்றைக்கு லண்டன் தலைமை அஞ்சலகத்தில் ஒரே நெரிசல். அன்று இரவு புறப்பட்ட கடிதங்கள் சுமார் 1,12,000. அவற்றில் பதிமூன்று, பதினான்காயிரம் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் முன்பணம் கட்டப்பட்டிருந்தது. காரணம் எளிது: முன்பணம் கட்டினால் ஒரு பென்னி, பெறுகிறவர் கட்டினால் இரண்டு. பழக்கத்தை மாற்ற அவர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. விலையில் வித்தியாசம் வைத்தார், ஜனங்கள் தாங்களே மாறிவிட்டார்கள்.

மே 6 முதல் தபால்தலை பயன்பாட்டுக்கு வந்தது. கறுப்பு நிறத்தில் விக்டோரியா ராணியின் இளவயது முகம். ஏன் முகம் தெரியுமா? ஒரு பூவையோ கோலத்தையோ யாராவது கள்ளத்தனமாக அச்சடித்தால் சட்டென்று தெரியாது. முகத்தில் ஒரு கோடு பிசகினாலும் மனிதக் கண் கண்டுபிடித்துவிடும். ஒரு முழுத் தாளில் 20 வரிசை, வரிசைக்கு 12 தலைகள். ஒரு வரிசை ஒரு ஷில்லிங், முழுத் தாள் ஒரு பவுண்டு; கவுன்டரில் இருப்பவர் எண்ணவே வேண்டாம். ஒவ்வொரு தலையின் கீழ் மூலைகளிலும் இரண்டு எழுத்துகள்; தாளில் உள்ள 240-க்கும் 240 வெவ்வேறு சேர்க்கை. நம் பார்சல்கள் மேல் ஒட்டியிருக்கும் பார்கோடைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு எழுத்துகள் ஞாபகம் வரும். ஓரத்தில் துளைகள் கிடையாது, கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ள வேண்டும். துளையிட்ட தாள் வந்தது 1854-ல்தான்.

தவறுகளும் நடந்தன. ஹில் பெரிதாக நம்பியிருந்த படம் போட்ட உறையை, முல்ரெடி என்ற ஓவியர் வரைந்ததை, ஊரே கேலி செய்தது. கடைசியில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. கறுப்புத் தலைமேல் குத்திய சிவப்பு மையைச் சிலர் அழித்துவிட்டு மறுபடி ஒட்டினார்கள். அடுத்த ஆண்டே தலையைச் சிவப்பாக்கி மையைக் கறுப்பாக்கினார்கள்.

இனி, அவர் கணக்கு தவறிய இடம். 1839-ல் சுமார் 7.6 கோடியாக இருந்த கடிதங்கள் 1840-ல் சுமார் 16.9 கோடி ஆயின. இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் கட்டணம் அவ்வளவு குறைந்த பிறகு இது போதவில்லை. தபாலிலிருந்து அரசுக்கு வந்த நிகர வருமானம் சுமார் 16 லட்சம் பவுண்டிலிருந்து 5 லட்சத்துக்கு விழுந்தது. பழைய நிலைக்கு அது திரும்ப 20 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. ஹில் எதிர்பார்த்ததைவிட மிகவும் தாமதம். 1842-ல் புதிய அரசு அவர் பதவிக் காலத்தை நீட்டிக்காமல் வீட்டுக்கு அனுப்பியது. அவர் சும்மா இருக்கவில்லை. லண்டன் - பிரைட்டன் ரயில் கம்பெனியில் சேர்ந்து, கடற்கரைக்கு ஒருநாள் உல்லாசப் பயண ரயில்களை விட்டார். 1846-ல் ஆட்சி மாறியதும் தபால் துறைக்கே திரும்பினார்; அதே ஆண்டு பொதுமக்கள் நன்றியாகத் திரட்டிக் கொடுத்தது 13,000 பவுண்டு. 1854-லிருந்து 1864 வரை துறையின் செயலாளராக இருந்தார்.

அந்த ஆண்டுகளில் அவர் செய்தவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன், இரண்டும் நம் கட்டடத்துக்குச் சம்பந்தப்பட்டவை. ஒன்று, 1857-58-ல் லண்டனைக் கிழக்கு, வடக்கு, மேற்கு என்று தபால் வட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்துக் குறி கொடுத்தது. எல்லாக் கடிதமும் நடு அலுவலகத்துக்குப் போய்த் திரும்ப வேண்டிய அவசியம் குறைந்தது. நாம் விலாசத்தின் கடைசியில் எழுதும் ஆறு இலக்கப் பின்கோடு இந்த யோசனையின் தூரத்து உறவு; அது இந்தியாவில் வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல்.

இரண்டாவது, கதவுத் துவாரம். முன்பணம் கட்டிய பிறகும் தபால்காரர் கதவைத் தட்டிவிட்டு, வேலைக்காரர் வந்து திறக்கும்வரை தெருவில் நின்றுகொண்டிருந்தார். பணம் வாங்கும் நேரம் மிச்சமாயிற்று, காத்திருக்கும் நேரம் மிச்சமாகவில்லை. வீட்டுக் கதவில் ஒரு துவாரம் வெட்டுங்கள், அல்லது பெட்டி வையுங்கள் என்று தபால் துறை வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. ஒரு பிரபு கடும் கோபத்தோடு கடிதம் எழுதினார்: என்னுடைய மஹோகனிக் கதவில் ஓட்டை போடச் சொல்கிறீர்களா என்ற பொருளில். ஒரு வீட்டுக்காரரின் அலங்காரக் கதவுக்காக, அந்தத் தெருவில் பின்னால் இருக்கும் எல்லாருடைய கடிதமும் தாமதப்பட வேண்டும். போன பொதுக்குழுவில் லாபியின் அழகு கெட்டுவிடும் என்று பார்சல் அலமாரியை எதிர்த்த நண்பர்கள் மன்னிக்க வேண்டும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் ஹில்லை முழுக்கத் தூக்கிவைத்துப் பேசவும் மனசு வரவில்லை. பிடிவாதக்காரர், மேலே இருந்தவர்களோடும் கீழே இருந்தவர்களோடும் ஓயாத சண்டை. நாவலாசிரியர் ஆன்டனி டிராலப் அதே துறையில் அதிகாரியாக இருந்தவர். ஜெர்சித் தீவில் 1852-ல் முதல் தெருத் தபால் பெட்டிகள் வந்ததற்குக் காரணமானவர். அவருக்கு ஹில்லைப் பிடிக்காது. உழைப்பாளி, நாட்டு நலனில் அக்கறையுள்ளவர் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, மனிதர்களின் போக்கை இவ்வளவு புரிந்துகொள்ளாத ஒருவரைத் தான் பார்த்ததில்லை என்று தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். துறையின் ஆயிரக்கணக்கான ஊழியர்களை, எப்போதும் ஒரே வேகத்தில் சுழலும் சக்கரங்களாக ஹில் நினைத்தார் என்பது டிராலப்பின் குற்றச்சாட்டு.

இந்தக் குற்றச்சாட்டைத்தான் நான் அதிகம் யோசித்தேன். நொடிக் கணக்கை மிச்சம் பிடித்தால் கடிதம் மலிவாகும். ஏழை வீட்டுக்கும் கடிதம் போகும். அது உண்மை, அது நடந்தது. அதே நொடிக் கணக்கை ஒரு மனிதர் காலில் கட்டினால் என்ன ஆகும் என்பதும் நம் கேட்டிலேயே தெரிகிறது. இன்று அந்தச் சக்கரத்துக்கு ஒரு ஆப் இருக்கிறது. வரைபடத்தில் நகரும் ஒரு புள்ளியாக அந்தத் தம்பி நமக்குத் தெரிகிறார். புள்ளி இரண்டு நிமிடம் நின்றால் நமக்குப் பொறுமை போகிறது. அது நம் வாசலிலேயே, நம் இன்டர்காம் எடுக்கப்படாததால் நிற்கிறது என்று தோன்றுவதில்லை. போன மாதம் மழையில் ஒருவர் ஓடிபிக்காகக் கால் மணி நேரம் நின்றார். அந்த வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது; அது என் வீடுதான்.

ஹில்லின் கணக்கு இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. துறைமுகத்தில் கன்டெய்னரை கிரேன் தூக்குகிறது, கிடங்கில் பட்டையில் ஓடும் பெட்டிகளை இயந்திரம் படித்துப் பிரிக்கிறது. நடுவில் உள்ள தூரம் மலிவாகிக்கொண்டே வந்திருக்கிறது. செலவு பிடிக்கும் கடைசித் துண்டு, நம் கேட்டிலிருந்து நம் கதவு வரை. பார்சல் தபால் என்பதே ஹில் இறந்த பிறகு, 1883-ல்தான் இங்கிலாந்தில் தொடங்கியது. ரயிலில் போகும் பார்சல் கட்டணத்தில் 55 சதவீதம் ரயில் கம்பெனிகளுக்குப் போயிற்று. ஹில் இருந்திருந்தால் அந்த ஒப்பந்தத்தைப் பார்த்து எகிறிக் குதித்திருப்பார் என்பது என் ஊகம்.

நம் நாட்டுக்கு அவர் கணக்கு வந்தது 1854 அக்டோபர் 1-ல். அதற்கு முன் இங்கேயும் தூரத்தைப் பொறுத்துத்தான் கட்டணம். அன்று முதல் அரையணாத் தபால்தலை ஒட்டினால் கால் தோலா எடை வரையுள்ள கடிதம் எதுவானாலும், அடுத்த ஊருக்கும் போகும், நாட்டின் மறுகோடிக்கும் போகும். முன்பணம் கட்டாமல் அனுப்பினால் பெறுகிறவருக்கு இரட்டிப்புக் கட்டணம். அதே பழைய உத்தி.

1864-ல் உடல்நலம் கெட்டு ஹில் ஓய்வு பெற்றார். நாடாளுமன்றம் அவருக்கு 20,000 பவுண்டு வழங்கியது, முழுச் சம்பளமே ஓய்வூதியமாயிற்று. 1879 ஆகஸ்ட் 27 அன்று லண்டன் ஹாம்ஸ்டெட் வீட்டில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். பழந்துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்த பையனுக்கு, அரசர்கள் படுத்திருக்கும் இடத்தில் இடம்.

இனி நம் விஷயம். தரைத்தளத்துப் பழைய டிரைவர் ஓய்வறையைப் பார்சல் அறையாக்குவது பற்றி வரும் பொதுக்குழுவில் முடிவெடுக்க வேண்டும். பிளாக் வாரியாக அலமாரி, ஒரு கேமரா, பதிவு நோட்டு, கூடவே பார்சல் கொண்டுவருபவர் உட்கார ஒரு பெஞ்சும் குடிநீரும் வேண்டும் என்பது என் கோரிக்கை. பெஞ்சுக்குச் செயற்குழுவில் இரண்டு பேர் இன்னும் சம்மதிக்கவில்லை. நீங்கள் வந்து பேசுங்கள். லிஃப்ட் பக்கத்துத் தபால் பெட்டிகளில் பாதிக்குப் பூட்டே இல்லை. எல்ஐசி நோட்டீசும் பாங்க் கடிதமும் அங்கேதான் விளம்பரத் தாள்களோடு கலந்து கிடக்கின்றன. சாவி தொலைந்தவர்கள் பிளாட் எண்ணை அலுவலகப் பதிவேட்டில் எழுதிவைத்தால், இந்த மாதக் கடைசியில் பூட்டுக்காரரை வரவழைத்து ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்.